ஒரு பேரு போதாதுங்களா?

நாகர்கோவில்காரனான எனக்குப் பிச்சி என்றால் பூ. தோவாளைச் சந்தையில் குவியல் குவியலாகக் கிடக்குமே, அந்தப் பூ. ஹைதராபாத்துக்கு மாற்றலாகி வந்த புதிதில் என் வீட்டம்மா பூக்காரம்மாவிடம் போய், அப்போதுதான் கற்றுக்கொண்ட தெலுங்கில் "பிச்சி உந்தா?" என்று கேட்டுவிட்டாள். அந்த அம்மா முறைத்த முறைப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. தெலுங்கில் பிச்சி என்றால் பைத்தியம். "உனக்குப் பைத்தியமா?" என்று கேட்டமாதிரி ஆகிவிட்டது :-)

அந்தச் சொல்லோடு சேர்ந்து இந்த ஊரில் அடிக்கடி காதில் விழும் இன்னொரு சொல் எர்ரகட்டா. அது ஒரு பேட்டையின் பெயர். மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிறது, காய்கறி மலிவாகக் கிடைக்கும் ரைத்து பஜார் இருக்கிறது. அரசு மனநல மருத்துவமனையும் அங்கேதான். அதனால் யாராவது கணக்கைத் தப்பாகப் போட்டால் "எர்ரகட்டாவில் பெட் சொல்லவா?" என்பார்கள். நம்மூரில் கீழ்ப்பாக்கம் என்று சொல்லிச் சிரிப்போமே, அதே கதை. ஆபீஸில் நானும் இந்த ஜோக்கை அடித்திருக்கிறேன். இப்போது அடிப்பதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு இருபது வருடத்துக்கு மேலாக வங்கியில் குப்பை கொட்டுகிறவன். கீழே வருகிற மனிதரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். அவருடைய தொழிலையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். பேச்சை மட்டும் மாற்ற மனசு வரவில்லை.

இரண்டு வருடம் முன்பு, ஒரு நாள் மதியம் கிளையில் கூட்டம் குறைந்த நேரம். லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருவர் என் மேஜைக்கு வந்தார். நாமக்கல் பக்கம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் "அண்ணே" என்பேன், அவர் "சாருங்க" என்பார். தமிழ் பேச ஓர் ஆள் கிடைத்தது என்பதால் டெபாசிட் புதுப்பிக்க வந்தால்கூட அரைமணி நேரம் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டுப் போகிறவர். அன்றைக்குப் பேச்சே இல்லை. எல்லா டெபாசிட்டுக்கும் நாமினியாக மகள் பெயரைப் போட வேண்டும், ஆர்.டி.யை முடித்து அந்தப் பணத்தையும் மகள் கணக்கில் போட வேண்டும், லாக்கரைக் காலி செய்ய வேண்டும் என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அண்ணே, எல்லா கஸ்டமரும் உங்களை மாதிரி முன்யோசனையா இருந்தா எங்க வேலை எவ்வளவு சுலபம்!" என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

பாஸ்புக்கை வாங்கிப் பிரித்தபோது பிளாஸ்டிக் உறைக்குள் இருந்து ஒரு மருத்துவமனைச் சீட்டு விழுந்தது. நாலாக மடித்தது, மடிப்பெல்லாம் கிழிந்துபோன நிலை. எடுத்துக் கொடுக்கும்போது 'எர்ரகட்டா' என்ற சொல் கண்ணில் பட்டுவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார். படிவத்தை மூடி வைத்துவிட்டு, வாங்கண்ணே டீ குடிப்போம் என்று வெளியே அழைத்துப் போனேன். இரானி டீ ஆறிப்போகும்வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்.

அவருக்கு எச்.ஐ.வி. பதினோரு வருடமாக. மனைவிக்குத் தெரியும், மகளுக்குத் தெரியாது. ஊரில் மாத்திரை வாங்கினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்றுதான் ஹைதராபாத்துக்கே வேலை தேடி வந்தாராம். இங்கே ஓர் அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் பதிவு செய்து மாத்திரை வாங்கிவந்தார். ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. அந்த நிலையில் தாம்பத்திய உறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது என்று மருத்துவ உலகமே ஒத்துக்கொண்டிருக்கிறது. பேப்பரில் பார்த்தால் மனிதர் நலம்.

"மாத்திரையெல்லாம் கரெக்டா போகுதுங்க. மனசுதானுங்க போகமாட்டேங்குது. ஒரு வருசமா தூக்கமில்ல. சோறு மண்ணாட்டம் இருக்குது. மகளுக்கு மாப்பிள்ள பாக்கறாங்க. எம் பேரு வெளிய வந்துட்டா என்னாகுமுன்னு நெனச்சு நெனச்சு... மூணு வாரமா மாத்திரையும் போடலீங்க."

மையத்தில் சொன்னீர்களா என்று கேட்டேன். சொல்லியிருக்கிறார். கூட்டம் அதிகமான நாள். மிச்ச மாத்திரையை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள், சரியாக இருந்திருக்கிறது. தூக்கம் வரவில்லை என்றதும் ஒரு சீட்டில் மனநல மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தச் சீட்டுதான் பத்து மாதமாகப் பாஸ்புக் உறைக்குள் கிடந்திருக்கிறது.

ஏன் போகவில்லை என்றதற்கு அவர் சொன்ன பதில்தான் தலைப்பு. "எனக்கு ஏற்கெனவே ஒரு பேரு இருக்குதுங்க. அந்த ஒரு பேரு போதாதுங்களா? எர்ரகட்டாவுக்குப் போயி ரெண்டாவது பேரு வேற வாங்கோணுமா?"

சீட்டு எழுதியவரை நான் குறை சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற வரிசை எவ்வளவு நீளமோ. நான் குறை சொல்வது அந்த ஏற்பாட்டை. உடம்புக்கு ஒரு கதவு, மனசுக்கு ஊரின் இன்னொரு மூலையில் இன்னொரு கதவு, அதன்மேல் ஊரே சிரிக்கிற ஒரு பலகை. சீட்டு எழுதிக் கொடுத்ததோடு சிகிச்சை கொடுத்தாகிவிட்டது என்று கணக்கு முடிகிறது.

வங்கியில் இதை நாங்கள் நன்றாகவே அறிவோம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பணம் எடுக்க வந்தவர் ஒரு கவுண்டரில் டோக்கன் வாங்கி, லெட்ஜர் பார்த்து, ஆபீசர் கையெழுத்தாகி, கடைசியில் கேஷியரிடம் போய் நிற்க வேண்டும். பாதிப் பேர் நடுவிலேயே சலித்துப் போய்விடுவார்கள். அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது, சிங்கிள் விண்டோ வந்தது. அதே ஆள், அதே பணம், ஜன்னல்தான் ஒன்றானது. ஒருவரை ஒரு கவுண்டரிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் ஒவ்வொரு தடவையும் சிலரை இழக்கிறோம் என்பது எங்கள் தொழிலில் பால பாடம்.

"அதெல்லாம் ஆஸ்பத்திரியில் நடக்காதுப்பா" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு தகவல். நம் நாட்டிலேயே, இதே எச்.ஐ.வி. திட்டத்திலேயே நடந்திருக்கிறது.

1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த பல வருடம் நோயாளியைச் சேர்த்துக்கொள்ளவே ஆஸ்பத்திரிகள் பயந்தன. 2004 ஏப்ரல் 1 அன்று இலவச ஏ.ஆர்.டி. மருந்து எட்டு அரசு மருத்துவமனைகளில் தொடங்கியபோது, அதில் ஒன்று தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை. காரணம் எளிது. எச்.ஐ.வி. உள்ளவர்களை அதிகம் கொன்றது காசநோய். டி.பி.க்கு வந்தவர்களில்தான் எச்.ஐ.வி.காரர்கள் இருந்தார்கள்.

ஆரம்பத்தில் டி.பி.க்கு ஓர் இடம், எச்.ஐ.வி.க்கு ஓர் இடம் என்று அலையவிட்டார்கள். அப்புறம் புத்தி வந்தது. ஏ.ஆர்.டி. மையத்துக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு தடவையும் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று வைத்தார்கள். இருமல் இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா, எடை குறைந்ததா, ராத்திரி வியர்க்கிறதா. டி.பி. இருந்தால் அதற்கான மாத்திரையையும் அதே மையத்திலேயே கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் என்ன தெரியுமா? சிங்கிள் விண்டோ! எங்கள் வங்கிச் சொல்லேதான்.

நுரையீரலுக்கு நாலு கேள்வி கேட்க முடிகிறது என்றால், மனசுக்கு இரண்டு கேள்வி கேட்க முடியாதா? அந்த இரண்டு கேள்வியும் தயாராகவே இருக்கின்றன. உலகம் முழுக்கச் சாதாரண டாக்டர்களும் நர்சுகளும் கேட்பவைதான். போன இரண்டு வாரத்தில் எதிலும் ஈடுபாடோ சந்தோஷமோ இல்லாமல் இருந்ததா? மனச்சோர்வாக, நம்பிக்கை இல்லாமல் உணர்ந்தீர்களா? ஆம் என்றால் ஒன்பது கேள்வி கொண்ட பெரிய படிவம். அதன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா என்பது. என் மேஜைக்கு எதிரே நாமினி படிவத்தோடு உட்கார்ந்திருந்தவரிடம் ஒரு வருடமாக யாருமே கேட்காத கேள்வி. நானும் கேட்கவில்லை, முன்யோசனை என்று பாராட்டினேன்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2017 ஏப்ரலில், பதின்மூன்று நாள் இடைவெளியில், இரண்டு சட்டங்களுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. ஒன்று மனநலப் பராமரிப்புச் சட்டம், இன்னொன்று எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம். முதலாவது 2018 மே மாதமும் இரண்டாவது அதே வருடம் செப்டம்பரிலும் நடைமுறைக்கு வந்தன. மனநலச் சேவையைப் பொது மருத்துவத்தின் எல்லா மட்டத்திலும், ஆரம்ப சுகாதார நிலையம் உட்பட, அரசு நடத்தும் எல்லா சுகாதாரத் திட்டங்களிலும் இணைக்க வேண்டும் என்று முதல் சட்டம் சொல்கிறது. ஒருவரின் சம்மதம் இல்லாமல் அவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை வெளியே சொல்லக் கூடாது, வேலையிலோ சிகிச்சையிலோ ஒதுக்கக் கூடாது என்று இரண்டாவது சட்டம் சொல்கிறது. ஒரே மாதத்தில் பிறந்த இரண்டு பிள்ளைகள். ஆனால் ஒரே வீட்டில் வளரவில்லை.

வெறும் வசதிக்காக இதைச் சொல்லவில்லை. உயிர் விஷயமும் இருக்கிறது. மனசு சோர்ந்தால் முதலில் நிற்பது மாத்திரை. மாத்திரை நின்றால் வைரஸ் திரும்ப ஏறும், சில சமயம் மருந்துக்குக் கட்டுப்படாமலும் போகும். போதாததற்கு மருந்தும் மனசைத் தொடும். பல வருடம் இங்கே எல்லாருக்கும் கொடுத்த கூட்டு மாத்திரையில் எஃபாவிரென்ஸ் என்ற மருந்து இருந்தது. கெட்ட கனவு, தூக்கக் கேடு, மனச்சோர்வு எல்லாம் அதன் பக்க விளைவுகள். 2020ஐ ஒட்டிப் பெரும்பாலானவர்களை டோலுடெக்ராவிர் என்ற நல்ல மருந்துக்கு மாற்றினார்கள். அதிலும் சிலருக்குத் தூக்கம் கெடும்.

இப்போது இதை யோசியுங்கள். நம்ம ஆள் எர்ரகட்டாவுக்கே போயிருந்தாலும், முதல் பெயரை அங்கே சொல்லியிருப்பாரா? மறைத்திருப்பார். மனநலத்துக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் கார்பமசெபின் என்று ஒரு மாத்திரை உண்டு. அது டோலுடெக்ராவிரின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். இந்த டாக்டர் கொடுப்பது அந்த டாக்டருக்குத் தெரியாவிட்டால், இரண்டு பேரும் நல்ல டாக்டராக இருந்தும் நோயாளி தோற்பார். இரண்டு கதவு வைத்தால் நோயாளி ஒவ்வொரு கதவிலும் ஒரு பாதியை மறைப்பார். ஒரே ஜன்னல் வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் பெரிய காரணம்.

"அத்தனை மனநல டாக்டருக்கு எங்கே போவது?" நியாயமான கேள்வி. பதில்: அத்தனை பேர் வேண்டாம். ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்றொரு மனநல டாக்டர். அவரிடம் வந்துகொண்டிருந்த ஒரு பெண், பஸ்ஸுக்குக் காசில்லாமல் ஆஸ்பத்திரி வர முடியாமல் போய், தற்கொலை செய்துகொண்டார். அதற்குப் பிறகு 2006இல் அவர் ஹராரே நகரில் 14 பாட்டிகளைச் சேர்த்தார். சுகாதார நிலைய வாசலில் ஒரு மர பெஞ்சு. அதில் பயிற்சி பெற்ற பாட்டி உட்கார்ந்து கேட்பார். அவ்வளவுதான். அந்த ஊர் மொழியில் நோய்க்கு மனச்சோர்வு என்று பெயர் சொல்வதில்லை, 'அதிகமாக யோசிப்பது' என்று சொல்கிறார்கள். நம்ம ஆள் "நெனச்சு நெனச்சு" என்றாரே, அதேதான்! 2016இல் வெளிவந்த ஆய்வில் 573 பேர் இருந்தார்கள், அவர்களில் பத்தில் நாலு பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. பெஞ்சில் பேசியவர்களுக்கு மனபாரம் நன்றாகவே குறைந்திருந்தது.

ஆப்பிரிக்கா தூரம் என்றால் கோவா இருக்கிறது. டாக்டர் விக்ரம் படேல் குழு அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களில் சாதாரண ஆட்களுக்குக் கவுன்சலிங் பயிற்சி கொடுத்து, பலன் இருக்கிறது என்று 2010இல் காட்டியது. சென்னை, விசாகப்பட்டினம் உட்பட நாலு ஊர்களின் சர்க்கரை நோய் கிளினிக்குகளில் 404 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. சர்க்கரையையும் மனச்சோர்வையும் ஒரே இடத்தில் பார்த்தபோது இரண்டுமே மேம்பட்டன. பெல்லாரி மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து நிம்ஹான்ஸ் செய்துகாட்டியது 1980களில். இது ஒன்றும் புது யோசனை இல்லை சாமி, நாற்பது வருடத்துப் பழைய பாக்கி.

எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது. 2018 முதல் இந்த ஊரில் பஸ்தி தவாகானா என்று தெருவோர அரசு கிளினிக்குகள் வந்திருக்கின்றன. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஓர் உதவியாளர். எச்.ஐ.வி. உள்ளவருக்கு எல்லாவற்றையும் அங்கேயே வைத்துவிடலாமே என்று நான் அவரிடம் உற்சாகமாகச் சொன்னேன். சிரித்தார். "தெருவே பாக்குமுங்க. தெரியாத எடத்துல வாங்கறதுக்குத்தானே ஊரைத் தாண்டி வந்தேன்?" என்றார். பக்கத்தில் இருப்பது எல்லாருக்கும் வசதி இல்லை என்பது பி.காம். மூளைக்கு உறைக்கவே இல்லை. சற்று நேரம் கழித்து அவரே சொன்னார். "ஆனா ஒண்ணுங்க. அங்க காச்சலுக்கும் போறாங்க, பி.பி.க்கும் போறாங்க. யாரு எதுக்குப் போறாங்கன்னு யாருக்குத் தெரியும்? போர்டு வெக்காம இருந்தா போதுமுங்க."

இதைவிடத் தெளிவாக எந்த நிபுணரும் சொல்ல முடியாது. எல்லாருக்குமான கதவே நல்ல மறைப்பு. ஆகவே என் கருத்து இதுதான். முதலில், ஏ.ஆர்.டி. மையத்திலேயே ஒவ்வொரு தடவையும் மனசுக்கான இரண்டு கேள்வி. நிலையாக இருப்பவர்களுக்கு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் வருடத்தில் நாலே சந்திப்பு என்றால் அந்த நாலையும் வீணாக்கக் கூடாது. அடுத்து, கவுன்சலருக்கு முறையான பயிற்சியும், கேட்பதற்கு நேரமும், நிரந்தரச் சம்பளமும். மாத்திரை எண்ணுவதோடு அவர் வேலை முடியக் கூடாது. மூன்றாவதாக, மனநல டாக்டர் வாரம் ஒரு நாளாவது மையத்துக்கே வர வேண்டும்; நோயாளி போகக் கூடாது. நாலாவது, விரும்புகிறவர்களுக்குத் தெரு கிளினிக்கிலும் அதே சேவை, எந்தப் பலகையும் இல்லாமல். எங்கே என்பதைத் தீர்மானிப்பது நோயாளியின் உரிமை.

செலவாகும்தான். ஆனால் அரைநாள் கூலி, பஸ் காசு, நின்றுபோன மாத்திரை, அதனால் வரும் ஆஸ்பத்திரிச் செலவு எல்லாவற்றையும் மறுபக்கத்தில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். இருபது வருடம் பாலன்ஸ் ஷீட் பார்த்தவன் சொல்கிறேன், லாபக் கணக்குதான்.

வெளியூரில் வாழும் நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. தமிழ்ச் சங்கங்களில் சர்க்கரைக்கு முகாம் போடுகிறோம், கண்ணுக்குப் போடுகிறோம். மனசு என்று வந்தால் ஜோக் அடிக்கிறோம். லாரியிலும் ஹோட்டலிலும் போர்வெல் வண்டியிலும் நம்மூர் ஆட்கள் குடும்பத்தை விட்டுவிட்டு இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களில் யாருக்கு என்ன நோய் என்று நாம் தோண்ட வேண்டியதில்லை. "தூங்கினீங்களாண்ணே?" என்று கேட்டால் போதும்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்லவில்லையே. நாமினி படிவத்தை அன்று நான் வாங்கிக்கொள்ளவில்லை. "சனிக்கிழமை வாங்கண்ணே" என்று சாக்குச் சொன்னேன். விதிப்படி தப்புதான், வாழ்க்கையில் நான் செய்த நல்ல தப்பு. என் காரில் உட்கார்ந்து மனநல உதவி எண்ணுக்கு அவரையே பேசவைத்தேன், தமிழில். நான் இறங்கி வெளியே நின்றுகொண்டேன். நாற்பது நிமிடம் பேசினார். அடுத்த திங்கட்கிழமை பழைய மையத்துக்கே போனார். அன்று கூட்டம் குறைவு, டாக்டர் காதுகொடுத்துக் கேட்டார். மாத்திரையைத் திரும்பத் தொடங்கினார்கள். தூக்கத்துக்கும் மனசுக்கும் பார்க்க அதே வளாகத்தில் வேறு மாடியில் ஆள் இருந்தார். அத்தனை நாளும் இருந்திருக்கிறார்! நடுவே இரண்டு மாடிப்படிதான். ஆனால் வேறு சீட்டு, வேறு கிழமை, வேறு வரிசை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று கதை சொல்லமாட்டேன். இன்னும் சில ராத்திரி தூக்கம் வருவதில்லை என்கிறார். மகளிடம் இன்னும் சொல்லவில்லை, அது அவர் முடிவு. ஆனால் போன மாதம் கிளைக்கு வந்தார். புதிதாக ஆர்.டி. போட வேண்டும் என்றார். எத்தனை வருடத்துக்கு அண்ணே என்றேன்.

"அஞ்சு வருசம் போடுங்க" என்றார்.

பி.கு.: மனநல உதவிக்கு அரசின் டெலி-மானஸ் எண் 14416. எச்.ஐ.வி. பற்றிய தகவலுக்கும் ஆலோசனைக்கும் 1097. இரண்டும் இலவசம். டெலி-மானஸில் தமிழில் பேசலாம். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் போனில் பதிந்து வையுங்கள். எப்போது யார் மேஜைக்கு எதிரே வந்து உட்காருவார் என்று சொல்ல முடியாது.